நினைவுத்தடையியும் கணிப்பின் புதுவழியும்

இன்றைய கணனிகளிற் பெரும்பாலானவை நினைவகத்தையும் கணிப்பகத்தையும் வேறுவேறாகக் கொண்டவை. 1945இல் ஜோன் வொன் நொய்மன் எடுத்துரைத்த இவ்வமைப்பிலே தரவுகள் இரண்டிற்குமிடையே ஓயாது சென்றுவருகின்றன. பெருந்தொகைத் தரவுகளைக் கையாளுகையிற் கணிப்பிலும் பார்க்க இப்போக்குவரத்துக்கே கூடிய சக்தி செலவாகின்றது. இதற்கொரு மாற்றாகவே நினைவுத்தடையி கருதப்படுகின்றது.

தன்னூடாகப் பாய்ந்த ஏற்றத்துக்கேற்பத் தடை மாறும் சுற்றுறுப்பொன்று இருத்தல் வேண்டுமென 1971இல் லியோன் சுவா வாதிட்டார். 2008இல் ஹியூலற்-பக்காட் ஆய்வுகூடத்தினர், இரு பிளாற்றின மின்வாய்களிடையே நனோமீற்றரளவான தைத்தேனியமீரொட்சைட்டுப் படலத்தை வைத்து அத்தகைய இயல்பைக் காட்டினர். அழுத்தம் பிரயோகிக்கப்படுகையில் ஒட்சிசன் வெற்றிடங்கள் நகர்வதால் தடை மாறுகின்றது. மின்னை நிறுத்தினும் அம்மாற்றம் நிலைக்கின்றது.

குறுக்கும் நெடுக்குமான கம்பிகளின் சந்திகளில் இவற்றை அமைப்பின், ஓமின் விதி பெருக்கலையும், ஒரே கம்பியிற் சேரும் ஓட்டங்கள் கூட்டலையும் நினைவகத்திலேயே நிகழ்த்திவிடும். செயற்கை நரம்பு வலைகள் வேண்டிநிற்கும் கணிப்பும் பெரிதும் இதுவேயாம்.

எனினும், ஒரே அழுத்தத்துக்கு இரு தடையிகள் ஒரே தடையைத் தருவதில்லை; ஒன்றேகூட மறுமுறை வேறாக நடக்கும். 2008ஆம் ஆண்டுக் கருவி சுவா கூறிய உறுப்புத்தானா என்பதும் விவாதத்துக்குரியது. அணுநிலையின் இவ்வொழுங்கின்மையை அடக்குவதா, அன்றி அதனைப் பொறுத்துக்கொள்ளும் கணிப்பு முறைகளை வகுப்பதா என்பதே இத்துறையின் மையப் பிரச்சினையாகும்.