பெரு மைசூரு மாநகராட்சி: இணையும் ஊர்களில் என்ன மாறும்?

மைசூரு: மைசூரு மாநகராட்சியை ‘பெரு மைசூரு மாநகராட்சி’யாக விரிவாக்கும் திட்டத்தில் ஹூட்டகள்ளி நகராட்சி, போகாதி, ஸ்ரீராம்புரா, ரம்மனஹள்ளி, கடகொளா ஆகிய 4 பேரூராட்சிகள் மற்றும் சுற்றியுள்ள சில கிராம ஊராட்சிகள் இடம்பெற்றுள்ளன.

கிடைப்பது என்ன?

குடிநீர், பாதாளச் சாக்கடை, குப்பை அகற்றல், சாலை ஆகிய பணிகளை ஒரே நிர்வாகம் திட்டமிட முடியும். இப்போது ஒரே சாலையின் இருபுறமும் வெவ்வேறு உள்ளாட்சி அமைப்புகளின் கீழ் இருக்கும் நிலை மாறும்.

இழப்பது என்ன?

கிராம ஊராட்சி கலைக்கப்பட்டால், வாக்காளர் அனைவரும் நேரடியாகக் கேள்வி எழுப்பும் கிராம சபையும் இல்லாமல் போகும். ஊரக வேலைவாய்ப்புத் திட்டம் நகர்ப்பகுதிக்குப் பொருந்தாது. சொத்து வரியை மாநகராட்சியே நிர்ணயிக்கும்.

ஊர்ப் பெயர் நீடிக்குமா?

கடந்த 2014 நவம்பர் 1-ஆம் தேதி ‘மைசூர்’ அதிகாரப்பூர்வமாக ‘மைசூரு’ ஆனபோது நகர எல்லை மாறவில்லை. இம்முறை எல்லையே மாறுகிறது. ஊர்ப் பெயர்கள் வழக்கில் தொடரலாம். ஆனால் தனி உள்ளாட்சி என்ற தகுதி நீங்கி, அவை வார்டுகளாகும்.

பிரதிநிதி யார்?

மைசூரு மாநகராட்சியின் 65 வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் 2023 நவம்பரில் முடிந்து, நிர்வாகம் அதிகாரிகளின் பொறுப்புக்குச் சென்றது. எல்லை விரிவடையும்போது வார்டுகளை மறுவரையறை செய்த பின்னரே தேர்தல் நடத்த இயலும். அதுவரை, இணையும் ஊர் மக்கள் தங்கள் குறைகளை அதிகாரிகளிடமே முறையிட வேண்டியிருக்கும்.