கிராஃபீன் ஏறிய ரப்பர் வளையம்

சுங்கைப்பட்டாணி, கூலிம் தோட்டங்களில் நம்மவர்கள் விடியுமுன் பால்மரம் வெட்டி மங்கில் சேர்த்தார்களே, அந்தப் பால்தான் இயற்கை ரப்பருக்கு மூலம். கருப்பாகத் தெரிவது கிராஃபீன்: ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் படலம். 2004-இல் மான்செஸ்டரில் அதைப் பிரித்தெடுக்க உதவியது, நம்புங்கள், சாதாரண ஒட்டுநாடா.

2014-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி, சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடை ரப்பர் வளையத்தைக் கரைப்பானில் ஊறவைத்தார்கள். அது உப்பியதும் கிராஃபீன் செதில்கள் உள்ளே புகுந்தன. மின்சாரம் கடத்தாத ரப்பர் கடத்தத் தொடங்கியது. இழுத்தால் செதில்கள் விலகி மின்தடை ஏறும். உடலில் பொருத்தினால் மூட்டசைவு, மூச்சு, நாடித்துடிப்பு வரை பதிவாகும்.

பக்கத்திலுள்ள சாதா வளையத்தை இழுத்துப் பார்க்கலாம். இதைத் தொட வேண்டாம்.