ஷட்டருக்குப் பின்னால் – 9: கடை வாடகையில் ஒரு நூலகம்

போன வாரம் ராஜபாளையம் சங்கரன்கோவில் முக்கில் நிறுத்தியிருந்தோம். எந்தெந்தக் கடைகள் மூடின, ஏன் மூடின என்பதெல்லாம் பேசியாயிற்று. இடையில் வந்து சேர்ந்தவர்கள் பழைய இதழ்களைத் தேடிப் படித்துக்கொள்ளவும். இந்த வாரம் மில்களைப் பற்றி எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். மில்லுக்குத்தான் கிளம்பினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நூலகம் வழிமறித்துவிட்டது. பக்கம் இன்று ராத்திரி அச்சுக்குப் போகிறது. எனவே மில் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

கடை மூடுகிற கதையில் நூலகம் எங்கிருந்து வந்தது? சொல்கிறேன்.

ஒரு கடை மூடினால் ஊரே வியாபாரத்தைப் பற்றிப் பேசும். ஆன்லைனில் வாங்குகிறார்கள், ஜி.எஸ்.டி. வந்தது, கொரோனாவில் எழுந்திருக்க முடியவில்லை, மகன் பெங்களூருவில் வேலைக்குப் போய்விட்டான் என்று ஆளுக்கொரு காரணம். எல்லாம் உண்மைதான். நான் மட்டும் இந்தத் தொடர் தொடங்கியதிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்: இடம் யாருடையது? சொந்த இடத்தில் கடை வைத்திருப்பவர் மந்தமான வருஷங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடுகிறார். வாடகைக்காரருக்கு ஒரு மோசமான தீபாவளி போதும். அதற்கும் மேலாக, கடை காலியான பிறகு அங்கே என்ன எழும் என்பதை மனைப் பத்திரம்தான் தீர்மானிக்கிறது. இந்தக் கேள்வியோடு அலைந்துகொண்டிருந்தவன் கையில் வந்து விழுந்ததுதான் பென்னிங்டன் நூலகம்.

1875-ல் தொடங்கியது. திருநெல்வேலி கலெக்டராக இருந்த பென்னிங்டன் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏன் திருநெல்வேலி கலெக்டர் என்று இளைய வாசகர்கள் கேட்கலாம். அப்போது இந்தத் தாலுகா திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா உருவானபோது அதோடு சேர்ந்தது. அந்த ஜில்லாவின் கலெக்டர் ஆபீஸ் நெடுங்காலம் மதுரையில் இருந்தது வேறு கூத்து. 1985-ல் காமராஜர் மாவட்டம் வந்தது, பிறகு அது விருதுநகர் மாவட்டம் ஆனது. ஊர் அசையவில்லை, மாவட்டம் மூன்று மாறிவிட்டது. நூலகம் அதே ஊரில் அதே பெயரில் புத்தகம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

1875 என்பது எவ்வளவு பழையது என்று பாருங்கள். சென்னை எழும்பூரில் கன்னிமாரா நூலகம் திறந்தது 1896-ல். உலகமெங்கும் நூலகங்களைக் கட்டிக் கொடுத்த அமெரிக்க எஃகு வியாபாரி ஆண்ட்ரூ கார்னகி, தாம் பிறந்த ஸ்காட்லாந்து ஊரான டன்ஃபர்ம்லினில் தம் முதல் நூலகத்தைத் திறந்தது 1883-ல். அதற்கு எட்டு வருஷம் முன்பே ஆண்டாள் ஊரில் நூலகம் வந்துவிட்டது. பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிக் கொண்டாடிய ஊர் இதையும் கொஞ்சம் கொண்டாடியிருக்கலாம்.

ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது அதன் வயதல்ல, அதன் வருமானம். இந்த நூலகத்துக்கென்று சொத்து இருக்கிறது. கடைகளை வாடகைக்கு விட்டு, வருகிற பணத்தில் நூலகம் நடக்கிறது. ஊரில் காய்கறி வாங்கப் போகிறவர்கள் ‘பென்னிங்டன் மார்க்கெட்’ என்று சொல்கிறார்களே, அந்தப் பெயரும் இதே பென்னிங்டன்தான். கடைக்காரர் கல்லாவில் விழுந்த காசில் ஒரு பங்கு அலமாரிக்குப் புத்தகமாகப் போகிறது. யோசித்தவர் யாராக இருந்தாலும் கெட்டிக்காரர்.

கார்னகிக்கே இந்தத் தலைவலி இருந்தது. கட்டடம் கட்டப் பணம் கொடுப்பது சுலபம். வருஷா வருஷம் விளக்குக்கும் சம்பளத்துக்கும் யார் கொடுப்பது? அதனால் அவர் ஒரு நிபந்தனை வைத்தார். கட்டடச் செலவில் பத்தில் ஒரு பங்கை உள்ளூர் நிர்வாகம் ஆண்டுதோறும் ஒதுக்கச் சம்மதித்தால்தான் பணம். நம்மூரிலும் பத்து என்ற எண் வேறு வழியாக வந்தது. நீங்கள் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி. ரசீதை எடுத்துப் பாருங்கள், ஒரு மூலையில் இருக்கும். மெட்ராஸ் பொது நூலகச் சட்டம், 1948. சுதந்திர இந்தியாவில் ஒரு மாகாணம் நூலகத்துக்கென்று இயற்றிய முதல் சட்டம். கல்வி அமைச்சர் தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில் வந்தது. 1928-ல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கத்தின் மூலம் எஸ்.ஆர்.ரங்கநாதன் இருபது வருஷம் விடாமல் கேட்டதன் பலன்.

சட்டம் வேர் பிடித்த ஆண்டுகளில் முதலமைச்சர் யார்? 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை பி.எஸ்.குமாரசாமி ராஜா. ராஜபாளையத்துக்காரர். 1952 தேர்தலில் தோற்றார், ராஜாஜி வந்தார், இவர் பிறகு ஒரிசா கவர்னராகப் போனார். என் கேள்விக்கு அவர் வேறு விதத்தில் வேண்டியவர். ராஜபாளையத்தில் தாம் குடியிருந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர் அவர். அந்த வீடு வாரிசுகளுக்குப் போயிருந்தால் இன்று அங்கே கீழே ஜவுளிக்கடை, மேலே டியூஷன் சென்டர், மொட்டை மாடியில் செல்போன் டவர் என்று ஒரு காம்ப்ளெக்ஸ் நின்றிருக்கும். அப்படி நிற்பது தப்பில்லை. இரண்டில் எது நிற்கும் என்பதைப் பத்திரத்தில் உள்ள பெயர் முடிவு செய்கிறது என்றுதான் சொல்கிறேன்.

சரி, கடைத்தெருவுக்குத் திரும்புவோம். இரண்டு ஊரிலும் கடைக்காரருக்கு வாய்க்கிற கட்டட ஓனர்கள் நான்கு வகை.

முதல் வகை, தனியார். இவர்களுக்கும் வாடகைக்காரருக்கும் இடையே அறுபது வருஷ யுத்தம் நடந்தது. 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் வாடகைக்காரரைக் கிளப்புவது லேசில்லை. வாடகை பாக்கி, உள்வாடகை, ஓனருக்கே சொந்த உபயோகம் என்று சில காரணங்கள்தான். அவற்றில் ஓனர்களுக்குப் பிடித்தது ‘இடித்துக் கட்ட’. இடம் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் இடிக்கத் தொடங்கி, மூன்று மாதத்தில் இடித்து முடிப்பேன் என்று உறுதி கொடுக்க வேண்டும். புதிதாகக் கட்டினால் ஐந்து வருஷம் அந்தச் சட்டம் அந்தக் கட்டடத்தைத் தொடாது. பிறகென்ன? பழைய வாடகைக்குக் கொடுத்துக்கொண்டு, ஓடு பெயர்ந்தாலும் மாற்றாமல், சுவர் தானாக விழட்டும் என்று காத்திருந்த ஓனர்கள் உண்டு. வெள்ளையடிக்கக் கூடச் சண்டை போட்ட வாடகைக்காரர்களும் உண்டு. கடைத்தெருவில் பாதிக் கட்டடங்கள் பாழடைந்து நிற்பதற்கு இந்த இழுபறியும் ஒரு காரணம்.

2017-ல் புதுச் சட்டம் போட்டார்கள். 2019 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டம் போயிற்று. இப்போது எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. ராஜபாளையத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன்.

“அண்ணாச்சி, ஒப்பந்தம் எழுதியிருக்கீங்களா?”

“எங்க அப்பா காலத்துல வாய்ப் பேச்சுதான் தம்பி. ஓனரும் போயிட்டாரு, அப்பாவும் போயிட்டாரு. இப்ப ரெண்டு பக்கமும் பசங்க.”

“அவங்க மகன் எதுவும் கேக்கலையா?”

“கேட்டாரு. எப்ப காலி பண்றீங்கன்னு கேட்டாரு.”

இரண்டாவது வகை, நகராட்சி. பஸ் ஸ்டாண்டுக் கடைகளும் நகராட்சிக் காம்ப்ளெக்ஸ் கடைகளும் இதில் சேரும். ஓனர் சாக மாட்டார், மகன் வந்து நிற்க மாட்டான். ஆனால் ஏலம் வரும். 2007-ம் ஆண்டு அரசாணைப்படி மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 15 சதவீதம் வாடகை ஏற்றம், ஒன்பது வருஷம் முடிந்தால் சந்தை மதிப்புக்குப் புது வாடகை. ஒன்பது வருஷத்தில் பிடித்த வாடிக்கையாளர் கூட்டம், பத்தாவது வருஷம் தொகை அதிகம் கேட்டவருக்குப் போய்விடலாம். வணிகர்கள் போராடி, 2023 விதிகளில் இது பன்னிரண்டு வருஷமாக நீண்டது; ஏற்றம் ஆண்டுக்கு 5 சதவீதம் ஆனது. கணக்குப் போட்டால் மூன்று வருஷத்தில் 15-ஐக் கொஞ்சம் தாண்டும். மூச்சு விட மூன்று வருஷம் கூடக் கிடைத்தது, அவ்வளவுதான்.

மூன்றாவது, கோயில். கோயில் மனையில் கடை வைத்தவருக்கு வாடகையை இந்து சமய அறநிலையத் துறைச் சட்டம் பார்த்துக்கொள்கிறது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நியாய வாடகை மறுநிர்ணயம். ‘நியாயம்’ யாருக்கு என்பதில்தான் வழக்கு. மேலே சொன்ன 2017 சட்டம் கோயில் கடைக்கும் பொருந்தாது, நகராட்சிக் கடைக்கும் பொருந்தாது. வாடகை அதிகாரியிடம் போனால் திருப்பி அனுப்பிவிடுவார். இதைத் தெரியாமல் மனு எழுதிக்கொண்டு அலைகிறவர்கள் பலர். ஒன்று சொல்ல வேண்டும்: கோயில் மனையில் அடுக்குமாடி எழுவது அபூர்வம். ரத வீதிகளின் பழைய அகலமும் உயரமும் ஓரளவு தப்பியிருப்பதற்கு ஆடிப்பூரத் தேர் திரும்ப வேண்டும் என்பதோடு இதையும் காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

நான்காவதுதான் நம் நூலகம். ஓனர் தனி ஆளில்லை, அரசாங்கமும் இல்லை, சாமியும் இல்லை. ஊர்ப் பொதுக் காரியம் ஒன்று ஓனராக இருக்கிறது. வாடகை ஏறினால் யாருடைய மகனுக்கும் கார் வராது. அலமாரிக்குப் புத்தகம் வரும். வாடகை ஏறாமல் தேங்கினால் நஷ்டம் வாசகனுக்கு. எனவே இங்கே கடைக்காரருக்குச் சலுகை காட்டுவதா, நூலகத்தைப் பார்ப்பதா என்ற சிக்கல் எப்போதும் இருக்கும். ஆனால் ஒரு நிம்மதி உண்டு. இடத்தை விற்றுவிட்டு ஊரை விட்டுப் போக அந்த ஓனரால் முடியாது.

இப்படி நாலாவது வகை இன்னும் பத்து இருந்திருந்தால் நம் கடைத்தெருக்கள் வேறு மாதிரி இருந்திருக்கும் என்பது என் கட்சி. சில சமூகங்களின் உறவின்முறைகள் இதைத் தெரிந்து வைத்திருந்தன. கடைகட்டி வாடகைக்கு விட்டுப் பள்ளிக்கூடம் நடத்திய வழக்கம் விருதுநகர்ப் பக்கத்துக்குப் புதிதல்ல. மகமை வாங்கிப் பள்ளி நடத்திய அந்தப் புத்தி இன்றைய ‘மறுசீரமைப்பு’த் திட்டங்களில் காணவில்லை. இப்போது மறுசீரமைப்பு என்றால் கட்டடம் மட்டும்தான். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ரயில் நிலையங்களும் அம்ருத் பாரத் திட்டத்தில் இருக்கின்றன. 1927-ல் விருதுநகர் – தென்காசி மீட்டர் கேஜ் பாதை வந்தபோது நிலைய வாசல்களில் முளைத்த பெட்டிக்கடை வகையறாக்களுக்குப் புது முகப்பில் இடம் எங்கே என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. திருமங்கலத்திலிருந்து வரும் நான்குவழிச் சாலையோ ஊருக்கு வெளியே போகிறது. ஐயப்ப சீசனில் வண்டியை நிறுத்திப் பால்கோவா வாங்கும் கூட்டம் எந்த வழியாகப் போகும் என்பது தனிக் கதை.

மில்லுக்கு வரவே இல்லை என்று ஆசிரியர் முறைப்பது தெரிகிறது. பி.ஏ.சி.ராமசாமி ராஜா 1936-ல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள், அந்தத் துணிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமானதில் தறிக்காரருக்குக் கிடைத்தது என்ன, சென்னையில் 1996-ல் மூடிய பின்னி மில் மனை அடுக்குமாடிக் குடியிருப்பு ஆனது போல இங்கும் ஆகுமா – எல்லாம் அடுத்த வாரம். அங்கேயும் நான் பத்திரத்தைத்தான் முதலில் கேட்பேன்.

அதற்குள் கடை வைத்திருக்கும் வாசகர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் கடை இந்த நான்கில் எந்த வகை என்று பாருங்கள். தனியார் கட்டடம் என்றால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, பதிவாகியிருக்கிறதா, அப்பா பெயரில் கிடக்கிறதா, உங்கள் பெயருக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். வாய்ப் பேச்சாக இருந்தால், ஓனரோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள். நோட்டீஸ் வந்த பிறகு யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.