கறி மட்டும் தின்றால் இளைக்குமா?

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், நாற்பதுகளில் இருந்த ஒருவர் உள்ளங்கைகளைக் காட்டிக்கொண்டு மருத்துவர்களிடம் வந்தார். மஞ்சள் நிறத்தில் மேடு மேடாக ஏதோ படிந்திருந்தது. முழங்கையிலும் உள்ளங்காலிலும் அதேதான். வலி இல்லை. மூன்று வாரமாக இப்படி இருக்கிறது என்றார். ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் மொத்தக் கொலஸ்ட்ரால் 1,000 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. 200-க்குள் இருந்தால் நல்லது என்பார்கள். ரத்தத்தில் கொழுப்பு மிஞ்சிப்போய், தோலுக்கு அடியில் கசிந்து படிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள்.

எட்டு மாதமாக அவர் சாப்பிட்டது சீஸ், கட்டிக் கட்டியாக வெண்ணெய், கொழுப்பைக் கூடுதலாகச் சேர்த்த ஹாம்பர்கர் கறி. 'கார்னிவோர் டயட்' என்று இன்று உலகம் முழுக்க யூடியூபில் ஓடிக்கொண்டிருக்கும் புலால் உணவுமுறைதான் அது. 2025 ஜனவரியில் 'ஜாமா கார்டியாலஜி' மருத்துவ இதழில் அவர் கையின் படத்தோடு இந்தச் செய்தி வந்தபோது, பலரும் படத்தைப் பார்த்துப் பதறினார்கள். கூடவே அச்சாகியிருந்த இன்னொரு வரியை அவ்வளவாக யாரும் கவனிக்கவில்லை. இந்த உணவுக்கு மாறியபிறகு எடை குறைந்தது, தெம்பு கூடியது, புத்தி தெளிவாக இருக்கிறது என்றும் அவரே சொல்லியிருந்தார்.

இரண்டுமே உண்மைதான். ஒரே ஆள், ஒரே எட்டு மாதம். இளைத்ததும் நடந்தது, கொலஸ்ட்ரால் ஏறியதும் நடந்தது. எடை மெஷினில் ஏறி நின்றவருக்கு முதலாவது தெரிந்தது. இரண்டாவது தெரிய உள்ளங்கை வெடித்துச் சொல்லவேண்டியிருந்தது.

கார்னிவோர் என்றால் நம்மூர் அசைவச் சாப்பாடு என்று நினைத்துவிடக் கூடாது. நம் வீட்டில் கறிக்குழம்பு என்பது சோற்றுக்குத் துணை. குழம்பிலேயே சின்ன வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு, மல்லி, மிளகு, தேங்காய் என்று பாதித் தோட்டம் இறங்கியிருக்கும். கார்னிவோர் விதிப்படி இதில் ஒன்றுகூடக் கிடையாது. இறைச்சி, மீன், முட்டை, விலங்குக் கொழுப்பு, உப்பு. சிலர் வெண்ணெயையும் சீஸையும் சேர்த்துக்கொள்வார்கள். செட்டிநாட்டு உப்புக்கறியில்கூட வரமிளகாயும் சின்ன வெங்காயமும் உண்டு. இதில் அதுவும் இல்லை. கனடாவின் உளவியலாளர் ஜோர்டான் பீட்டர்சன், மாட்டிறைச்சி, உப்பு, தண்ணீர் மூன்றைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று 2018-இல் சொன்னதும் பேச்சு பரவியது. அடுத்த வருடமே எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணரான ஷான் பேக்கர் 'தி கார்னிவோர் டயட்' என்று புத்தகம் போட்டார்.

ஆனால் இந்த யோசனை இவர்களுடையது அல்ல. இதை முதன்முதலில் ஆஸ்பத்திரியில் வைத்துப் பரிசோதித்து நூறு வருடம் நெருங்குகிறது.

வில்ஹியால்மர் ஸ்டெஃபான்சன் என்பவர் வடதுருவப் பகுதியில் பல வருடம் சுற்றியவர். இனுவிட் மக்களோடு தங்கி, அவர்கள் தின்ற மீனையும் இறைச்சியையும் தின்று, எந்தக் குறையும் இல்லாமல் ஊர் திரும்பினார். காய்கறி இல்லாமல் மனிதன் எப்படிப் பிழைப்பான் என்று மருத்துவர்கள் நம்ப மறுத்தார்கள். 1928-இல் அவரும் கார்ஸ்டன் ஆண்டர்சன் என்ற பயணத் தோழரும் நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் போய்ப் படுத்தார்கள். ஒரு வருடம் இறைச்சி மட்டும். தொடக்கத்தில் மருத்துவமனைக்குள்ளேயே கண்காணிப்பு, பிறகு வெளியில்.

தொடங்கியதுமே சுவாரசியமான ஒன்று நடந்தது. ஆய்வாளர்கள் முதலில் ஸ்டெஃபான்சனுக்குக் கொழுப்பை நீக்கிய தனிக்கறியாகக் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே குமட்டல், வயிற்றுப்போக்கு. உடனே கொழுப்பு நிறைந்த மாட்டிறைச்சித் துண்டுகளையும், பன்றிக்கொழுப்பில் வறுத்த மூளையையும் கொடுத்ததும் ஆள் தேறிவிட்டார். வடதுருவத்தில் இதற்கு 'முயல் பட்டினி' என்று பெயர். முயல் கறியில் கொழுப்பே இராது; அதை மட்டும் எவ்வளவு தின்றாலும் உடம்பு தளர்ந்துபோகும். புரதத்தை எரித்து வரும் கழிவை ஈரலும் சிறுநீரகமும் ஓர் அளவுக்குமேல் கையாள முடியாது என்பதுதான் காரணம். அந்த ஒரு வருடம் இருவரும் உண்டதில் முக்கால் பங்குக்கு மேற்பட்ட கலோரி கொழுப்பிலிருந்தே வந்தது.

வருடம் முடிந்தபோது இருவரும் நலமாகவே இருந்தார்கள். வைட்டமின் சி குறைந்தால் வரும் ஸ்கர்வி நோய் வரவில்லை, சிறுநீரகம் கெடவில்லை. ஆனால் உடம்புக்குள் போனதைவிட வெளியே போன கால்சியம் அதிகமாக இருந்தது பதிவாகியிருக்கிறது. கார்னிவோர் ஆதரவாளர்கள் இன்றுவரை தூக்கிக்காட்டும் சான்று இந்தச் சோதனைதான். அதில் இருந்தது இரண்டே பேர் என்பதையும், பணம் கொடுத்தது அமெரிக்க இறைச்சி வியாபாரிகளின் அமைப்பு என்பதையும் அவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

சரி, எடை எப்படி இறங்குகிறது?

முதல் வாரம் இறங்குவது பெரும்பாலும் தண்ணீர். மாவுச்சத்தை உடம்பு ஈரலிலும் தசையிலும் கிளைகோஜனாகச் சேர்த்துவைக்கிறது. சுமார் அரைக் கிலோ. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் தன்னோடு மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். சோறும் இட்லியும் நின்றதும் இந்தக் கையிருப்பு கரைந்து, தண்ணீரும் சேர்ந்து சிறுநீராகப் போய்விடும். 'நாலே நாளில் ரெண்டு கிலோ' என்று வாட்ஸ்அப்பில் வரும் சாதனையின் ரகசியம் இவ்வளவுதான். ஒரு கல்யாண விருந்து போதும், பாதி திரும்பிவரும்.

அதற்குப் பிறகு இறங்குவது நிஜமான இறக்கம். அதற்குக் காரணம் கறியில் இருக்கும் மாயம் எதுவும் இல்லை. புரதம் வயிற்றை நிறைக்கும், பசியைத் தள்ளிப்போடும். அதைச் செரிக்கவே அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம்வரை செலவாகிவிடும். கொழுப்புக்கு அந்தச் செலவு மூன்று சதவீதத்துக்குள்தான். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கறியும் முட்டையும் மட்டும்தான் என்று முடிவெடுத்த அன்றே பஜ்ஜி, பிஸ்கட், பரோட்டா, மிக்சர், சர்க்கரை போட்ட நாலு வேளை டீ எல்லாம் ஒரே அடியில் நின்றுவிடுகின்றன. அதோடு சலிப்பு. தினமும் மூன்று வேளை ஒரே ருசியைத் தின்பவர் இரண்டாவது தட்டு கேட்பதில்லை.

இதை ஆய்வுகளும் கிட்டத்தட்ட இப்படித்தான் காட்டுகின்றன. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் கார்ட்னர் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மாவுச்சத்தையும் மறுபாதிக்குக் கொழுப்பையும் ஒரு வருடம் குறைத்துப் பார்த்தார். முடிவு 2018-இல் வந்தது. மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோ இறங்கினார்கள், கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ. பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. இரு அணியிலும் 25 கிலோவுக்கு மேல் இறங்கியவர்களும் உண்டு, எடை ஏறியவர்களும் உண்டு.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் நடத்திய ஆய்வு இன்னும் நெருக்கமானது. 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் கொழுப்பு குறைந்த தாவர உணவும், இரண்டு வாரம் மாவுச்சத்து மிகக் குறைந்த, இறைச்சி மிகுந்த உணவும் போட்டார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். இரண்டிலும் எடை குறைந்தது. ஆனால் தாவர உணவில் இருந்தபோது அவர்களாகவே தினமும் 550 முதல் 700 கலோரிவரை குறைவாகச் சாப்பிட்டார்கள். உடற்கொழுப்பு குறிப்பிடத்தக்க அளவில் கரைந்ததும் அந்த இரண்டு வாரங்களில் மட்டும்தான். இரண்டு வாரம் என்பது குறுகிய காலம்தான். இருந்தாலும் கறி தின்றால்தான் பசி அடங்கும் என்ற வாதத்துக்கு இது இடைஞ்சல்.

கார்னிவோரை நேரடியாகத் தொட்ட பெரிய ஆய்வு என்று பார்த்தால், ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2020-இல் எடுத்த கருத்துக்கணிப்பு இருக்கிறது. குறைந்தது ஆறு மாதமாவது இப்படிச் சாப்பிட்ட 2,029 பேரிடம் கேட்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 27.2-இலிருந்து 24.3-க்கு இறங்கியதாகச் சொன்னார்கள். சர்க்கரை நோயாளிகளில் பலர் மருந்தைக் குறைத்ததாகச் சொன்னார்கள். ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடு வெறும் 68. இதுவரை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். மட்டும் 172. இதில் பதில் சொன்னவர்கள் எல்லாரும் சமூக வலைதளக் குழுக்களில் இருந்து, இந்த முறையில் நிலைத்து நின்றவர்கள். ஒத்துக்கொள்ளாமல் இரண்டாம் மாதமே விட்டுவிட்டுப் போனவரிடம் யாரும் கேட்கவில்லை. ஆட்களைக் குலுக்கல்முறையில் பிரித்து, வருடக்கணக்கில் கார்னிவோரைச் சோதித்த ஆய்வு இதுவரை கிடையாது.

ஆபத்துகளில் எதை முதலில் வைப்பது என்றால், சந்தேகமில்லாமல் எல்.டி.எல்.தான். எல்லாருக்கும் ஒரே மாதிரி ஏறுவதில்லை; சிலருக்கு லேசாக, சிலருக்குத் தாறுமாறாக. அதிலும் ஒல்லியானவர்களுக்கு அதிகமாக ஏறுவதைப் பார்த்திருக்கிறார்கள். தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில வருடம் முன்னதாகவே வருகிறது என்பதை வைத்துப் பார்த்தால், தமிழ் வாசகர் இந்த எண்ணை அலட்சியமாகக் கடந்துபோக முடியாது.

அடுத்தது குடல். கறியில் நார்ச்சத்து பூஜ்யம். 2014-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வில், சில தன்னார்வலர்களுக்கு ஐந்து நாள் இறைச்சி, முட்டை, சீஸ் மட்டும் கொடுத்தார்கள். அந்த ஐந்து நாளுக்குள்ளேயே குடல் பாக்டீரியாக்களின் சேர்க்கை மாறி, பித்தநீரைத் தாங்கி வளரும் வகைகள் தலைதூக்கின. நீண்ட காலத்தில் இது என்ன செய்யும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் சொன்னது ஓரளவுக்கு விடை. சாசேஜ், பேக்கன், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சி தினமும் 50 கிராம் உள்ளே போனால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது. ஆடு, மாடு, பன்றியின் சிவப்பு இறைச்சியை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற பிரிவில் வைத்தார்கள். ஏற்கெனவே யூரிக் அமிலம் ஏறி, கால் கட்டைவிரல் வீங்குபவர்களுக்கும் சிறுநீரகத்தில் கல் உள்ளவர்களுக்கும் இந்த உணவு வலியை வீடு தேடி அழைத்துவரும்.

அப்படியானால் இனுவிட் மக்கள்? அவர்கள் தின்றது ஸ்டேக் இல்லை. சீலின் ஈரலைப் பச்சையாகவும், திமிங்கிலத்தின் தோலைக் கொழுப்போடும் தின்றார்கள். வைட்டமின் சி கிடைத்தது அதிலிருந்து. குக்கரில் ஆறு விசில் விட்ட ஆட்டுக்கறியில் அது எங்கே இருக்கும்? இன்னொரு வேடிக்கை, மாவுச்சத்து கிடைக்காதபோது உடம்பு கொழுப்பிலிருந்து தயாரிக்கும் எரிபொருள்தான் கீட்டோன்; அவர்களில் பெரும்பாலோருக்கு அதன் உற்பத்தியை மட்டுப்படுத்தும் மரபணு மாற்றம் உண்டு. கீட்டோனில் உடம்பு ஓடும் கீட்டோசிஸ்தான் மனிதனின் இயல்புநிலை என்று சொல்பவர்கள் உதாரணம் காட்டும் மக்களின் உடம்பே அந்த நிலைக்கு எளிதில் போவதில்லை. கிரீன்லாந்தில் கிடைத்த 16-ஆம் நூற்றாண்டு மம்மிகளை ஸ்கேன் செய்தபோது, ரத்தக்குழாய் அடைப்பின் தடயங்களும் தெரிந்தன.

தமிழ்நாட்டுக்கு இந்த விவாதம் புதிதல்ல. நியாண்டர் செல்வனின் 'பேலியோ டயட்' புத்தகமும் அதையொட்டிய ஃபேஸ்புக் குழுவும் பல ஆயிரம் பேரைச் சோற்றிலிருந்து முட்டைக்கும் பாதாமுக்கும் நகர்த்தியிருக்கின்றன. ஆனால் பேலியோவில் காய்கறியும் கொட்டையும் கொய்யாவும் உண்டு; கார்னிவோர் அதையும் பிடுங்கிவிடுகிறது. மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்தியர் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொல்கிறது. தட்டில் சோற்றைப் பாதியாக்கி முட்டையையும் மீனையும் சுண்டலையும் கூட்டினாலே பலருக்கு எடை இறங்கும். அதற்குக் கத்தரிக்காயைப் பகைக்கவேண்டிய அவசியம் இல்லை.

அமெரிக்க யூடியூபைப் பார்த்து இங்கே தொடங்குபவருக்குக் கறிக்கடையிலேயே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. "கொழுப்பு போடவாண்ணே?" என்று கடைக்காரர் கேட்பார். "வேணாம்ப்பா, தனிக்கறியா போடு" என்று பழக்கதோஷத்தில் இவர் சொல்வார். அங்கே அவர்கள் வெட்டித் தின்னும் ரிப்-ஐ மாட்டிறைச்சியில் நூறு கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் கொழுப்பு. வெந்த ஆட்டின் தனிக்கறியில் மூன்று கிராம்தான். தோலுரித்த பிராய்லரும் ஏறக்குறைய இதே கதை. தனிக்கறியிலேயே 1,500 கலோரி எடுக்க ஒரு கிலோவுக்கு மேல் தின்னவேண்டும், 280 கிராம் புரதம் உள்ளே போகும். பெல்வியூவில் ஸ்டெஃபான்சனுக்கு மூன்றாம் நாள் வந்த அதே குமட்டல்தான் வரும். கொழுப்பைச் சேர்த்து வாங்கினால் குமட்டல் போய்விடும், எல்.டி.எல். வந்து உட்காரும்.

யார் இதைத் தாமாகத் தொடங்கவே கூடாது என்பதில் மட்டும் வாதத்துக்கு இடமில்லை. கர்ப்பிணிகள், சிறுநீரக நோயாளிகள், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர் ஒரே நாளில் சோற்றை நிறுத்தினால் சர்க்கரை மடமடவென்று இறங்கி மயக்கமே வரலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள் இன்னும் ஆபத்து. காப்புரிமை முடிந்து விலை இறங்கியதால் இவை இன்று சாதாரண வீடுகளிலும் இருக்கின்றன. இவற்றை விழுங்கிக்கொண்டே மாவுச்சத்தை அறவே நிறுத்துபவரின் ரத்தம் கீட்டோ அமிலத்தால் நஞ்சாகலாம். அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரில் சர்க்கரை 150, 180 என்று சாதுவாகவே காட்டும் என்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் தெரிந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும், இன்ன மாத்திரை எடுக்கிறேன், சோறு சாப்பிடுவதில்லை என்று இரண்டையும் சொல்லவேண்டும்.

இதையெல்லாம் கேட்டபிறகும் மூன்று மாதம் பார்த்துவிடுகிறேன் என்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் தொடங்குவதற்கு முன்னால் ஒரு லிப்பிட் புரொஃபைல், கிரியாட்டினின், யூரிக் அமிலம் எடுத்துவைத்துக்கொண்டு, எட்டாவது வாரம் அதே லேபில் மறுபடி எடுத்து, இரண்டு தாளையும் மருத்துவர் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். ஃப்ளோரிடாக்காரருக்கு இந்த உணவைத் தொடங்கும் முன்பே கொலஸ்ட்ரால் 210-க்கும் 300-க்கும் நடுவில்தான் இருந்தது.