ஓர் எண் பிசகினால்...!

மளிகைக் கடைச் சிட்டையில் அரைக் கிலோ துவரம்பருப்பு அதிகமாக விழுந்துவிட்டால் வீட்டு அம்மாள் சும்மா விடுவாளா? வரிக்கு வரி விரல் வைத்துப் பார்த்து, கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட மாட்டாளா? அந்தக் கூர்மையான கண்ணுக்குச் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் உத்தியோகம் இருக்கிறது. பார்க்க வேண்டியது பருப்புக் கணக்கல்ல. அமெரிக்க டாக்டர்களின் பில் கணக்கு!

அமெரிக்காவில் டாக்டர் பீஸில் பெரும் பங்கை இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கொடுக்கின்றன. 65 வயது நிரம்பியவர்களுக்கு, 1965-ல் சட்டமான 'மெடிகேர்' என்ற அரசாங்கத் திட்டம் இருக்கிறது. பணம் கேட்டு டாக்டர் அனுப்பும் விண்ணப்பத்துக்குத்தான் 'கிளெய்ம்' என்று பெயர். அதைத் தயாரிக்கும் வேலை நம் ஊர்களுக்கும் வந்து சேருகிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு டெலிபோனில் பேசுகிறவர்கள் இராத்திரி கண் விழிக்க வேண்டும். பில் பதிகிறவர்களுக்குப் பேச்சில்லை. ஆகவே பல இடங்களில் அவர்களுக்குப் பகல் வேலைதான்.

வலதா, இடதா?

கம்ப்யூட்டர் திரையில் கட்டம் கட்டமாக விரிகிறது படிவம். நோயாளியின் பெயர், பிறந்த தேதி, இன்ஷூரன்ஸ் அட்டை எண், டாக்டருக்குரிய 10 இலக்க எண், வைத்தியம் பார்த்த தேதி எல்லாம் பதிய வேண்டும். பிறகு இரண்டு வகைச் சங்கேத எண்கள். ஒன்று, என்ன நோய் என்று சொல்வது. இதற்கு 'ஐ.சி.டி.-10' என்ற பட்டியல் 2015 அக்டோபர் 1 முதல் அங்கே அமலில் இருக்கிறது. மற்றொன்று, டாக்டர் என்ன செய்தார் என்று சொல்லும் 5 இலக்க எண்.

வலது முழங்கால் மூட்டுத் தேய்மானம் என்றால் எம்17.11. இடது முழங்கால் என்றால் எம்17.12. ஒரே ஓர் இலக்கம்தான் வித்தியாசம்! ஊசி போட்டது வலது காலில், நோய் இடது காலில் என்று பதிந்துவிட்டால் என்ன ஆகும்? கிளெய்ம் திரும்பி வந்துவிடும். டாக்டருக்குப் பணம் தாமதமாகும். சில சமயம் நோயாளியின் வீட்டுக்கே பில் போய் நிற்கும்.

கம்ப்யூட்டர் போதாதா?

காலியாக விட்ட கட்டத்தையும், குறைந்துபோன இலக்கத்தையும் அது பிடித்துவிடும். ஆனால் நோயையும் ஊசியையும் இரண்டையுமே இடது கால் என்று பதிந்துவிட்டால்? கணக்கு ஒத்துப் போகிறது. இயந்திரம் 'சபாஷ்' என்று அனுப்பிவிடும்! டாக்டர் எழுதிய குறிப்பைப் படிக்கிற மனுஷக் கண்தான் அங்கே காவல். இப்படித்தான் சர்க்கரை வியாதியே இல்லாத ஒருவர் பெயரில் இ11.9 என்ற சர்க்கரை வியாதி எண் ஏறிவிடக்கூடும். எங்கோ இருக்கும் ஒரு பாட்டிக்கு, நாம் இங்கிருந்து ஒரு வியாதியைக் கொடுத்த மாதிரிதான்!

ஆகையால், அனுபவசாலிகள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். முதலில் அட்டையைப் பார்த்துப் பெயர், எண். அடுத்து தேதி. அதன் பிறகு டாக்டர் குறிப்பை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு நோய், சிகிச்சை, வலது இடது. சந்தேகம் வந்தால் ஊகித்துப் போடுவதில்லை. டாக்டரின் ஆபீஸைக் கேட்டுவிடுவார்கள். அதற்காக நாளைக் கடத்தவும் கூடாது. வைத்தியம் பார்த்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் மெடிகேருக்குக் கிளெய்ம் போய்ச் சேர வேண்டும். தனியார் கம்பெனிகள் பலவற்றில் கெடு இன்னும் குறைவு.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பிறர் நோயைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது. 1996-ல் வந்த 'ஹிப்பா' சட்டம் இதில் வெகு கண்டிப்பு. பக்கத்து வீட்டு மாமி எவ்வளவு துருவிக் கேட்டாலும் சரி, வாயைத் திறக்கக் கூடாது!

வாசகிகளே, உங்கள் வீட்டுப் பெண் இந்த வேலைக்குப் போகிறாளா? "நாள் பூராவும் என்னடி, நம்பர்தானே தட்டுகிறாய்?" என்று கேட்டுவிடாதீர்கள். அவள் தட்டுகிற ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒருவருடைய உடம்பும், ஒருவருடைய பணப்பையும் இருக்கின்றன.