ஒரு குண்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்!

ஆயர் ஈத்தாம் பாசார் மாலாமில் பலூன் சுடும் கடை போட்டால் அங்கே கூட்டத்துக்குக் குறைவிருக்காது. ஒரு நாள் மாலை அங்கே என் பழைய மாணவன் ஒருவன் தன் தகப்பனாரோடு நின்றான். ஐந்து குண்டு சுட்டான். ஒரு பலூன்கூட வெடிக்கவில்லை.

"கணக்குலயும் முட்டை, இதுலயும் முட்டை! வர்ற மாசம் உன்னை வேலைக்கு அனுப்பிடப் போறேன்" என்று தகப்பனார் ஏசினார்.

நான் பின்பலகையைப் பார்த்தேன். ஐந்து தடமும் பலூனுக்கு இடப்புறமாக, ஒரு ஐம்பது காசு நாணயத்துக்குள் அடங்கும்படி நெருங்கிக் கிடந்தன.

"அண்ணே, பிள்ளையை ஏசாதீங்க. கோளாறு துப்பாக்கியில இருக்கு" என்றேன்.

எப்படிச் சொன்னேன் தெரியுமா? துப்பாக்கியின் குறியை அளப்பவர்கள் ஒரு குண்டை நம்புவதில்லை. ஒரே புள்ளியைப் பார்த்து ஐந்தோ பத்தோ சுடுவார்கள். பிறகு இரண்டு கேள்விகள் கேட்பார்கள். தடங்கள் நெருங்கி விழுந்தனவா? அவற்றின் நடுப்பகுதி குறியில் இருக்கிறதா?

நெருங்கி விழுந்தும் குறி விலகினால், சுடுபவர் பெரும்பாலும் குற்றவாளி அல்லர். பின்பக்கக் குறிகாட்டியை, குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே சற்று நகர்த்தினால் போதும். தடங்கள் சிதறி விழுந்தால்தான் காரணம் தேட வேண்டும். திருகாணி தளர்ந்திருக்கலாம், குண்டுகள் ஒரே சீராக இல்லாதிருக்கலாம், மூச்சையும் விசையையும் ஆள்கிற விதம் தவறியிருக்கலாம். துப்பாக்கியை இடுக்கியில் இறுக்கிப் பூட்டிச் சுட்டுப் பார்த்தால் பிழை ஆளுடையதா, கருவியுடையதா என்பது வெளிச்சமாகிவிடும். போட்டி வீரர்கள் தங்களுக்கு ஏற்ற குண்டுகளை இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இந்தக் கலையில் நம் இனத்துப் பெண் ஒருவர் உலகப் புகழ் பெற்றிருக்கிறார். கடலூரில் 1999-இல் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019-இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் தங்கம் வென்றார். அந்தப் போட்டியில் நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர்தான்! 60 குண்டுகள், ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9 புள்ளி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவருடைய சராசரி 10.5. அப்படியும் பத்தாம் இடம்தான் கிடைத்தது. இறுதிச் சுற்றுக்கோ எட்டுப் பேருக்குத்தான் இடம். அந்த ஒரு நாளை வைத்து அவரைத் திறமையற்றவர் என்று யாராவது சொல்வார்களா?

நம் நாட்டு நூர் சுர்யானி தாய்பி, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக இதே போட்டியில் நின்றார். உடலையும் மூச்சையும் அடக்கி ஆள்வது எவ்வளவு பெரிய காரியம் என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள்.

ஒரு எச்சரிக்கை: 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி காற்றுத் துப்பாக்கிக்கும் போலீஸ் உரிமம் வேண்டும். ஆர்வமுள்ள பிள்ளைகள் முறையான சங்கத்தில்தான் பழக வேண்டும்.

சரி, நம் பையன் கதைக்கு வருவோம். "பலூனுக்கு வலப்பக்கம் பார்த்துச் சுடு தம்பி" என்றேன். பலூன் படாரென்று வெடித்தது! தகப்பனார் திகைத்துப் போனார்.

"அண்ணே, நாளைக்கு இவனோட கணக்குத் தாள்களைக் கொண்டாங்க" என்றேன்.

நான்கு தாள்கள் வந்தன. தவறுகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டேன். ஏறக்குறைய எல்லாமே ஒரே இடத்தில்தான் இருந்தன. கழித்தல் குறி வந்தால் தடுமாறியிருந்தான். மற்றக் கணக்குகளெல்லாம் சரி. தடங்கள் நெருங்கித்தான் விழுந்திருந்தன! குறிகாட்டியை நகர்த்த வேண்டியதுதான் பாக்கி.

வாரம் இரண்டு மாலை என் வீட்டுக்கு வருகிறான். வேலைக்கு அனுப்பும் பேச்சைத் தகப்பனார் இப்போது எடுப்பதில்லை.

பெற்றோர்களே! ஒரு பரீட்சை ஒரு குண்டுதான். பிள்ளையின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்குமுன், அவனுடைய தவறுகள் எங்கே விழுந்திருக்கின்றன என்று ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள்.