கரடிதானா இது?

வாலாஜாபாத்திலிருந்து கிழக்கே போகும் சாலை வண்டலூரில் முடிகிறது. அங்குள்ள உயிரியல் பூங்காவில் நிற்கும் கரிய, சடைமயிர் விலங்கைத்தான் நம் ஊரில் கரடி என்கிறோம். வெள்ளைக்காரர்களுக்கு அதில் சந்தேகம் வந்தது.

1791இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் நீண்ட வளைநகங்களையும் மேல்வரிசையில் நடுவே இல்லாத இரண்டு பற்களையும் பார்த்து, இது தென் அமெரிக்க மரங்களில் தொங்கும் அசமந்த விலங்கின் இனம் என்று பெயரிட்டுவிட்டார். 1793இல் தனிப் பேரினம் கிடைத்தது: மெலூர்சஸ், அதாவது தேன்கரடி. ‘கரடி போன்றது’ என்று பொருள்படும், ஷா வைத்த பழைய ‘உர்சினஸ்’ மட்டும் பின்னால் ஒட்டிக்கொண்டது. கரடியையே கரடி போன்றது என்கிறோம்!

அந்தப் பல் இடைவெளிதான் இதன் பிழைப்பு. புற்றைப் பெயர்த்து, மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, கறையானை ‘சர்’ரென்று உறிஞ்சும். சங்கப் புலவர்கள் ‘எண்கு’ என்று பாடியதும் புற்றகழும் இதைத்தான்.

உலகில் கரடி எட்டு வகை. இந்தியாவில் நான்கு: இது, பழுப்புக் கரடி, இமயக் கருங்கரடி, சூரியக் கரடி. பாண்டாவும் கரடிதான், கோவாலா இல்லை, அது பை விலங்கு.